பள்ளி ‘பொறுத்திருங்கள்’ என்கிறது: இ.எச்.சி.பி. இப்போதே கேட்கலாமா?

மழலைமொழி

வணக்கம். இங்கிலாந்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கணவருக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசா. நானும் மகனும் அவரைச் சார்ந்து வந்தவர்கள். மகன் இயர் 1 வகுப்பில் இருக்கிறான். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒற்றைச் சொற்களாகத்தான் பேசுகிறான், வாக்கியம் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல நேரம் திரும்புவதில்லை. பள்ளிக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறான். அதற்குப் பயந்து கழிப்பறைக்கே போக மறுத்து, ஈரக் கால்சட்டையோடு வீட்டுக்கு வருகிறான்.

வகுப்பாசிரியை அன்பானவர்தான். ஆனால் அவர் சொன்ன மூன்று விஷயங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டில் தமிழ் பேசுவதால் பிள்ளை குழம்புகிறான், கொஞ்ச காலம் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றார். ஆட்டிசம் பரிசோதனைக்கு ஜி.பி. (குடும்ப மருத்துவர்) மூலம் பெயர் கொடுத்திருக்கிறோம். அந்த முடிவு வந்த பிறகுதான் கூடுதல் உதவி கேட்க முடியும் என்றார். இ.எச்.சி.பி., அதாவது கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம் என்பதெல்லாம் மிகக் கடுமையான நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் என்றும் சொன்னார். மாமியாரோ, “உன் புருஷனே நாலு வயதில்தான் வாயைத் திறந்தான், சும்மா இரு” என்கிறார். கணவருக்கு வேறு கவலை: இதையெல்லாம் கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரையோரம்

தங்கச்சி, இப்போதே கேட்கலாம். பாடசாலை சம்மதிக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெற்றோர் நேராக உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு எழுதலாம் என்று 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின் 36ஆவது பிரிவு சொல்கிறது. கவுன்சில் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டுதான். இந்தப் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கக்கூடுமா? அந்த உதவியைத் திட்டம் போட்டுத் தர வேண்டிவரலாமா? “இருக்கிறது” என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, “இருக்கக்கூடும்” என்பதே போதும். மருத்துவர் சூட்டும் பெயரைச் சட்டம் எங்கேயும் கேட்கவில்லை. ஆட்டிசமா இல்லையா என்பது ஒரு கேள்வி. வகுப்பறையில் இந்தப் பிள்ளைக்கு என்ன முடியவில்லை என்பது இன்னொரு கேள்வி. திட்டம் இரண்டாவது கேள்விக்கானது.

கடிதம் கிடைத்த 6 வாரத்துக்குள் மதிப்பீடு செய்வார்களா இல்லையா என்று கவுன்சில் பதில் சொல்ல வேண்டும். மறுக்காவிட்டால் மொத்தம் 20 வாரத்துக்குள் இறுதித் திட்டம் கையில் வர வேண்டும். இது சட்டம் சொல்லும் கணக்கு. நடப்பு வேறு: 2024இல் கொடுக்கப்பட்ட புதிய திட்டங்களில் பாதிகூட அந்தக் கெடுவுக்குள் வரவில்லை. ஆகவே ஆட்டிசம் வரிசை முடியட்டும், பிறகு இந்த வரிசையில் நிற்போம் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் நில்லுங்கள்.

“மிகக் கடுமையான” பிள்ளைகளுக்கு மட்டும் என்றால், 2025 ஜனவரி நிலவரப்படி இங்கிலாந்தில் 6,38,000 பேருக்கு மேல் எப்படி இந்தத் திட்டம் இருக்கும்? கவுன்சில் மறுத்தால் தீர்ப்பாயம் போய் வாதாடலாம். மாமியாரிடம் மட்டும் வாதாட வேண்டாம். அதற்குத் தீர்ப்பாயம் கிடையாது.

கூழாங்கல்

நான் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர். தமிழை நிறுத்தச் சொன்ன பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: நிறுத்தாதீர்கள்.

இரு மொழிகள் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை, ஆட்டிசமும் உண்டாவதில்லை. இருக்கும் தாமதத்தை அது மோசமாக்குவதும் இல்லை. உண்மையான மொழிக் குறைபாடு என்றால் இரண்டு மொழியிலும் தெரியும். ஆங்கிலத்தில் மட்டும் திணறி, தமிழில் கதை சொல்லும் பிள்ளைக்குக் குறைபாடு இல்லை; அவனுக்கு ஆங்கிலம் புதிது, அவ்வளவுதான். சட்டமும் இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது: வீட்டுமொழி வேறாக இருப்பதை மட்டும் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு என்று சொல்லக் கூடாது. உங்கள் மகன் தமிழிலும் ஒற்றைச் சொற்களில் நிற்கிறான் என்கிறீர்கள். இந்த வரியை ஆசிரியையிடம் எழுத்தில் கொடுங்கள். எந்தச் சொற்கள், எந்த மொழியில் என்று ஒரு பட்டியல் போடுங்கள். “தண்ணி” என்பதும் ஒரு சொல், “ஷூ” என்பதும் ஒரு சொல்; இரண்டையும் கூட்டித்தான் நாங்கள் கணக்கிடுவோம். மதிப்பீட்டின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று. சரளமாக வராத மொழியில் அம்மா பேச ஆரம்பித்தால் பேச்சு குறைந்துவிடும். கொஞ்சுவது, திட்டுவது, கதை சொல்வது எல்லாம் சுருங்கி “கம் ஹியர், சிட் டவுன்” என்று கட்டளைகள்தான் மிஞ்சும். இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கேடு இல்லை.

அதற்கு முன், காது சோதித்தாயிற்றா? கூப்பிட்டால் திரும்பாததற்கு நடுக்காதில் நீர் கோத்திருப்பதும் காரணமாகலாம். சிறு பிள்ளைகளுக்கு இது சர்வசாதாரணம். சத்தத்துக்குப் பயப்படுகிறானே, அப்படியென்றால் காது கேட்கிறதுதானே என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

நேர்வழி

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு அரசாங்கக் கோப்பு? ஒருமுறை முத்திரை விழுந்தால் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். என் உறவுக்காரப் பையனுக்கு உதவி என்று சொல்லி ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் பென்சிலைச் சீவிக் கொடுத்தார், விடையையும் சொல்லிக் கொடுத்தார். பையன் சுயமாக எதுவும் செய்யாமல் போனான். ஆசிரியர் அவனிடம் பேசுவதையே விட்டுவிட்டார்.

சாக்பீஸ்

நேர்வழி ஐயா, நீங்கள் சொன்னதில் பாதி நூற்றுக்கு நூறு சரி. பல ஆண்டுகள் ஆரம்பப் பள்ளியில் சென்கோவாக, அதாவது சிறப்புத் தேவைகளுக்கான ஒருங்கிணைப்பாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உதவியாளர் ஒட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை முன்னேறுவதில்லை. லண்டன் கல்வியியல் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட பெரிய ஆய்வே, உதவியாளரோடு அதிக நேரம் இருந்த மாணவர்கள் படிப்பில் குறைவாகவே முன்னேறினார்கள் என்று காட்டியது. உதவியாளர்கள் மோசமானவர்கள் என்பதல்ல அதற்குக் காரணம். கடினமான பிள்ளையை அவர்களிடம் தள்ளிவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டதுதான்.

மற்ற பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். முத்திரை குத்திய காலம் ஒன்று இந்த நாட்டில் உண்மையிலேயே இருந்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, ‘கல்வி புகட்ட முடியாதவர்’ என்று எழுதி சில பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். 1978இல் வார்னாக் குழு அறிக்கை அந்தப் பார்வையைத் திருப்பிப் போட்டது. பள்ளிப் பருவத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு ஏதேனும் ஒரு சிறப்பு உதவி தேவைப்படும், ஆகவே ஊனத்தின் பெயரை விட்டுவிட்டுத் தேவையைப் பாருங்கள் என்றது. இன்றைய ஏற்பாடு அங்கிருந்து வந்ததுதான். கோப்பு இல்லாவிட்டாலும் பள்ளியில் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிடுவார்கள் ஐயா. “சேட்டைக்காரன்”, “சொன்ன பேச்சு கேட்காதவன்” என்று.

மழலைமொழி, பள்ளியின் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ஒரு மாணவனுக்கான கூடுதல் செலவில் ஆண்டுக்கு முதல் 6,000 பவுண்டு வரை பள்ளி தன் சொந்த வரவு செலவிலிருந்தே போட வேண்டும் என்பது நடைமுறை. அந்தப் பணம் தனி உறையில் வருவதில்லை, பொது ஒதுக்கீட்டில் கலந்து வருகிறது. கூரை ஒழுகினால் அதற்கும் அதே கஜானாதான். அதனால்தான் நல்ல தலைமையாசிரியர்கூட “பார்க்கலாம், பொறுங்கள்” என்பார். ஆனால் அந்த 6,000 பவுண்டைச் செலவழித்துக் காட்டினால்தான் மதிப்பீடு கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

திட்டம் வரும்வரை பள்ளி கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. ‘சென் சப்போர்ட்’, அதாவது சிறப்புத் தேவைக்குப் பள்ளியே தரும் உதவி என்று ஒரு நிலை இருக்கிறது. தேவையைக் கண்டறி, திட்டமிடு, செய், சரிபார் என்று நான்கு கட்டமாகச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டியது அது. ஆண்டுக்குக் குறைந்தது மூன்று முறை உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். வகுப்பாசிரியையோடு நிற்காமல் சென்கோவைச் சந்திக்க நேரம் கேளுங்கள். கை உலர்த்தி விஷயத்துக்குத் திட்டமும் வேண்டாம், மதிப்பீடும் வேண்டாம். அந்த இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காகிதத் துண்டு வைக்கட்டும், அல்லது அவனுக்கு வேறு கழிப்பறை காட்டட்டும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு நியாயமான மாற்றங்களைச் செய்து தருவது பள்ளியின் கடமை. நான் இருந்த பள்ளி ஒன்றில் சுவிட்சின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதோடு ஒரு பெண்பிள்ளையின் ஈரத்துணிப் பிரச்சினை தீர்ந்தது.

மழலைமொழி

எல்லோருக்கும் நன்றி. கூழாங்கல் அக்கா, காதுப் பரிசோதனைக்குப் பதிவு செய்துவிட்டேன். பட்டியலும் தொடங்கினேன், நான் நினைத்ததைவிடச் சொற்கள் அதிகம், பாதிக்கு மேல் தமிழ்.

ஒன்று விட்டுப்போனது. வாரத்தில் சில நாள் மதியத்துக்கு முன்பே போன் செய்து, “இன்று அவனுக்கு முடியவில்லை, அழைத்துக்கொண்டு போங்கள்” என்கிறார்கள். காய்ச்சல், வாந்தி எதுவும் இல்லை. நானும் போய் அழைத்து வருகிறேன். இது வழக்கம்தானா?

சாக்பீஸ்

வழக்கம்தான், சட்டப்படி செல்லாத வழக்கம். நோய் இல்லாத பிள்ளையை நடத்தை சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பினால் அதைத் தற்காலிக நீக்கம் என்று முறையாகப் பதிவு செய்து கடிதம் தர வேண்டும். “பெற்றோர் சம்மதித்தார்கள்” என்று சொல்வதால் அது சரியாகிவிடாது. அடுத்த முறை போன் வந்தால் சண்டை வேண்டாம். “இது நீக்கமா? எழுத்தில் தந்துவிடுங்கள்” என்று மட்டும் மென்மையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அழைப்புகள் குறைந்துவிடும். இதுவரை அழைத்துப்போன தேதிகளை உங்கள் போனில் வந்த அழைப்புப் பட்டியலிலிருந்து எடுத்து எழுதி வையுங்கள். பள்ளியால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடைக்காது. அவர்களே கையெழுத்துப் போட்டதுபோல.

தென்றல்முனை

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. நாங்களும் அதே வகை விசாவில் இருந்தவர்கள். பள்ளிக் கல்வி, இ.எச்.சி.பி. மதிப்பீடு, அதன்படி கிடைக்கும் உதவி எதுவும் குடியேற்ற விதிகள் சொல்லும் ‘பொது நிதி’ (விசாவில் இருப்பவர்கள் வாங்கக் கூடாத அரசு உதவிகள்) பட்டியலில் இல்லை. என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையில் சிகிச்சை பெற, விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்ற கட்டணம் கட்டித்தானே வந்திருக்கிறீர்கள். தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் டி.எல்.ஏ. என்ற மாற்றுத்திறன் உதவித்தொகை வேறு. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான அந்தத் தொகை பொது நிதிப் பட்டியலில் இருக்கிறது. விசாவில் ‘பொது நிதி இல்லை’ என்ற நிபந்தனை இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கக் கூடாது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் நல்ல மனதோடு “டி.எல்.ஏ. போடுங்கள், எல்லோரும் வாங்குகிறார்கள்” என்பார்கள். அவர்களுடைய விசா நிலை வேறு, உங்களுடையது வேறு.

பனித்துளி

குறுக்கே வருகிறேன். நாங்கள் வேல்ஸில், கார்டிஃபில் இருக்கிறோம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

சாக்பீஸ்

பொருந்தாது. வேல்ஸில் 2018ஆம் ஆண்டின் தனிச் சட்டம். அங்கே ‘தனிநபர் வளர்ச்சித் திட்டம்’ என்று பெயர், பல பிள்ளைகளுக்கு அதைப் பள்ளியே எழுதும். ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்கும் தனித்தனி ஏற்பாடு. தனி இழை தொடங்குங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள்.

நெறியாளர்

ஆட்டிசத்தை மூலிகை எண்ணெயாலும் ஸ்டெம் செல் ஊசியாலும் ‘முழுமையாகக் குணப்படுத்துவதாக’ இங்கே வந்த விளம்பரம் நீக்கப்பட்டது. ஆட்டிசம் குணப்படுத்த வேண்டிய நோய் அல்ல. அந்த ஊசிகள் பலன் தரும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும்.

கரையோரம்

நல்ல வேலை செய்தீர்கள் நெறியாளரே.

தங்கச்சி, மதிப்பீடு முடிந்தால் வரைவுத் திட்டம் ஒன்று வரும். எல்லோரும் களைத்துப்போய், “கிடைத்துவிட்டது, சாமி” என்று கும்பிட்டுக் கையெழுத்துப் போடும் இடம் அது. அங்கேதான் கண்ணில் எண்ணெய் விட்டுப் படிக்க வேண்டும். ஏ முதல் கே வரை பகுதிகள் இருக்கும். பி பகுதியில் பிள்ளையின் தேவைகள், எஃப் பகுதியில் அவற்றுக்கான உதவி, ஐ பகுதியில் பாடசாலையின் பெயர். இந்த மூன்றையும் எதிர்த்துத்தான் தீர்ப்பாயம் போகலாம், ஆகவே இந்த மூன்றும்தான் உயிர்.

என் மகளின் வரைவில் எஃப் பகுதியில் இருந்த ஒரு வரி இது: “பேச்சு, மொழி உதவி தேவைக்கேற்பத் தொடர்ந்து கிடைப்பதற்கு வாய்ப்பு ஏற்படுத்தித் தரப்படும்.”

வாசிக்க இனிக்கிறது. ஆனால் யார் தருவார்? எத்தனை நிமிடம்? ஆண்டுக்கு ஒரு முறை வந்து எட்டிப் பார்த்தாலும் “தொடர்ந்து” என்று சாதித்துவிடலாம். “தேவைக்கேற்ப” என்றால் யார் பார்வையில் தேவை? “வாய்ப்பு” என்றால் உதவி அல்ல, உதவி கிடைத்தாலும் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை. ஒரு வரியில் மூன்று ஓட்டை.

நாங்கள் திருப்பி எழுதி, கடைசியில் ஏற்கப்பட்டது இப்படி: “பேச்சு, மொழிச் சிகிச்சையாளர் பள்ளித் தவணை நாட்களில் வாரம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம், மாணவிக்கு நேரில் தனியாகப் பயிற்சி தருவார். அதே பயிற்சியை வகுப்பறை உதவியாளர் நாள்தோறும் 15 நிமிடம் செய்வார். உதவியாளருக்குச் சிகிச்சையாளர் தவணைக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் பயிற்சி அளிப்பார்.”

இதை மீறினால் கேட்கலாம். முந்தைய வரியை யாரும் மீறவே முடியாது, அதில் ஒன்றும் இல்லை. உதவி விரிவாகவும் திட்டவட்டமாகவும், பொதுவாக எண்ணிக்கையோடும் இருக்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு அரசு நடைமுறைக் கோவையிலேயே உள்ளது. கவுன்சிலுக்குத் தெரியாததல்ல.

இன்னொரு வேலையும் செய்வார்கள்: பேச்சுப் பயிற்சியை ஜி பகுதியில், உடல்நலம் என்ற தலைப்பில் போட்டுவிடுவார்கள். அங்கே போனால் தீர்ப்பாயம் பரிந்துரைக்கத்தான் முடியும், உத்தரவிட முடியாது. பிள்ளைக்குக் கற்றுத்தரும் வகையிலான பேச்சுப் பயிற்சியைக் கல்வி உதவியாகவே கொள்ள வேண்டும் என்று சட்டத்தின் 21ஆவது பிரிவு சொல்கிறது. எஃப் பகுதிக்கு மாற்றச் சொல்லுங்கள். வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்ல உங்களுக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. அந்த நாட்களில் சிகிச்சையாளர், கல்வி உளவியலாளர் எழுதிய அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்ணப் பேனாவால் ஒவ்வொரு பரிந்துரையாக எஃப் பகுதியில் தேடுங்கள். எது காணாமல் போயிருக்கிறதோ அதற்குத்தான் செலவு அதிகம்!

நேர்வழி

இந்த எஃப் பகுதி விவரம் எனக்குத் தெரியாது. அப்படியானால் உதவியாளர் ஒட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்றும் அதிலேயே எழுதிக் கேட்கலாமா?

கரையோரம்

தாராளமாக. “சுயமாகத் தொடங்க நேரம் கொடுத்த பின்பே உதவியாளர் குறுக்கிடுவார், ஆசிரியர் ஒவ்வொரு பாடத்திலும் மாணவருக்கு நேரடியாகக் கற்பிப்பார்” என்ற மாதிரி வரிகளை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் உறவுக்காரப் பையனுக்குத் திட்டம் இருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு கட்டாயம் நடக்கும். அங்கே இதைக் கேட்கச் சொல்லுங்கள்.

அந்திமழை

என் மகளுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்). ஜி.சி.எஸ்.இ. (16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) தேர்வில் கூடுதல் நேரம் வாங்க இ.எச்.சி.பி. அவசியமா?

சாக்பீஸ்

அவசியம் இல்லை. பள்ளியே சோதித்து விண்ணப்பிக்கும். 25 விழுக்காடு கூடுதல் நேரம்தான் பொதுவாகக் கிடைப்பது. ஆனால் வகுப்பிலும் பள்ளித் தேர்வுகளிலும் அவளுக்கு அதுவே வழக்கமான முறை என்று காட்ட வேண்டும். தேர்வு ஆண்டில் போய்க் கேட்காமல் ஒன்பதாம், பத்தாம் ஆண்டிலேயே பேசிவிடுங்கள்.

மழலைமொழி

கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் அனுப்பப்போவதன் சாரம் இது, சரியா பாருங்கள்: “என் மகனுக்கு இ.எச்.சி.பி. வழங்க முடியுமா என்று தயவுசெய்து பரிசீலிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவனுக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று நினைக்கிறோம், முடிவு இன்னும் வரவில்லை.” பிறகு சொற்பட்டியல், கழிப்பறை விஷயம், போன் வந்த தேதிகள். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுங்கள்.

கரையோரம்

பின்பகுதி அருமை. முதல் வரியை மாற்றுங்கள். நீங்கள் இப்போது கேட்பது திட்டத்தை அல்ல, மதிப்பீட்டை. “2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36(1) பிரிவின்கீழ் என் மகனுக்குக் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் தேவை மதிப்பீடு கோருகிறேன்” என்று நேராகத் தொடங்குங்கள். பணிவு வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் நன்றி போட்டுக்கொள்ளலாம். ஆட்டிசம் பற்றிய வரியைக் கீழே இறக்குங்கள்; மேலே அவனால் வகுப்பில் என்ன முடியவில்லை, பாடசாலை இதுவரை என்ன செய்து பார்த்தது, அது ஏன் போதவில்லை என்பது வரட்டும். மின்னஞ்சலாக அனுப்பி, சென்கோவுக்கும் நகல் போடுங்கள்.

மறுத்தால் அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள், அல்லது சமரசச் சான்றிதழ் வாங்கிய ஒரு மாதத்துக்குள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. சமரச ஆலோசகரிடம் பேசிச் சான்றிதழ் வாங்க வேண்டும், சமரசத்துக்கு உட்கார வேண்டும் என்பதில்லை. தீர்ப்புவரை போகும் வழக்குகளில் பெரும்பாலும் பெற்றோர் பக்கமே முடிகிறது, ஆகவே மறுப்பைப் பார்த்து மனம் தளர வேண்டாம். உங்கள் பகுதிக்கான சென்டியாஸ் சேவையும் இப்சியா தொண்டு நிறுவனமும் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

மழலைமொழி

நேற்று அனுப்பினேன். இன்று கவுன்சிலிலிருந்து ஒரு பதில்: “எங்கள் இணையப் படிவத்தை நிரப்பினால்தான் விண்ணப்பமாக ஏற்க முடியும்.” படிவம் முப்பது பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. அதிலும் பள்ளி நிரப்ப வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது.

கரையோரம்

படிவத்தில்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. “என் மின்னஞ்சலே விண்ணப்பம். அது கிடைத்த நாளிலிருந்து 6 வாரம் தொடங்கிவிட்டது. உங்களுக்கு வசதி என்றால் அதிலுள்ள விவரங்களை நீங்களே படிவத்தில் ஏற்றிக்கொள்ளலாம்” என்று இரண்டு வரி பதில் போடுங்கள்.